முதுகிலும் பாடும் பலகை

கோவை பீளமேட்டில் ஒரு வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகை. உள்ளே வார்னிஷும் மரத்தூளும் கலந்த வாசம். சுவரோரம் கைப்பிடி வைத்த பழைய வைண்டிங் மெஷின், அதன் தலைமேல் எனாமல் ஒயர் உருளைகள். நடுவில் இரண்டு முக்காலிகளின் மேல் ஒரு பலகை படுத்திருக்கிறது. 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டி 36 மி.மீ. ஆக்கிய பலகை. அகலம் 60 செ.மீ., நீளம் 120. அதே மாதிரி இன்னொன்று கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறது.

பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார். மேல்சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் வெர்னியர். பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் சுற்றியே பணி ஓய்வு பெற்றவர். எதிரே ஆசாரி. முப்பது வயதிருக்கலாம், காதிடுக்கில் பென்சில். ஓரத்தில் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடையின் மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன். என்னை அவர்கள் கண்டுகொள்ளாதது எனக்கு வசதி.

ஆசாரி நூல் பிடித்துப் பலகையின் நடுவைக் கண்டுபிடித்து ஒரு புள்ளி வைக்கிறார். மேலே வரப்போகும் 8 அங்குல ஸ்பீக்கருக்கான இடம் அது. பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, பென்சிலை வாங்கி, புள்ளியை 7 செ.மீ. இடப்பக்கம் நகர்த்துகிறார்.

"ஐயா, நடுவுல இருந்தாத்தானுங்க லட்சணமா இருக்கும்?"

"கண்ணுக்கு லட்சணந்தான் தம்பி. ரெண்டு பக்கமும் ஒரே தூரமா இருந்துச்சுன்னா பாட்டுல ஒரே எடத்துல குழி விழுகும்."

ஆசாரிக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் வட்டம் போடுகிறார். அடுத்த பலகையில் அதே 7 செ.மீ. வலப்பக்கம். கண்ணாடியில் பார்த்ததுபோல் ஜோடி சேர வேண்டும்.

ஸ்பீக்கரின் கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்னால் புறப்படும் அலையும் பின்னால் புறப்படும் அலையும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். பெட்டி வைத்த ஸ்பீக்கரில் பின்அலையைப் பூட்டி வைத்துவிடுகிறோம். பெட்டியில்லாமல் வெறும் பலகையில் மாட்டினால் பின்அலை பலகையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். சிறிய விசிறியை மெதுவாக அசைத்தால் காற்று முகத்துக்கு வராமல் விளிம்பைச் சுற்றி நழுவிப் போகிறதே, கீழ்ச்சுருதியில் அதுதான் நடக்கிறது. முன்னது பின்னதைத் தின்றுவிடும். மேலே போகப் போக அலைநீளம் குறைந்து இந்த நழுவல் நிற்கும். ஆனால் அங்கே வேறொரு வம்பு. நடுவிலிருந்து விளிம்புக்கு 30 செ.மீ. என்றால், சுற்றிவரும் அலை சுமார் 1,100 ஹெர்ட்ஸில் சரியாக ஒரு முழு அலைநீளம் தாமதித்து வந்து முன்அலையை அடித்துவிடும். பாடுகிறவரின் குரல் புழங்கும் இடம் அது. விளிம்புகள் வெவ்வேறு தூரத்தில் இருந்தால் அந்த அடி ஒரே இடத்தில் விழாமல் பல இடங்களில் சிதறிப்போகும். பெட்டியில்லாத இந்தப் பலகை ஸ்பீக்கரை, அதாவது ஓப்பன் பேஃபிளைக், கட்டுகிறவர்கள் ஸ்பீக்கரை ஓரமாகத் தள்ளி வைப்பதற்குக் காரணம் இதுதான். வட்டப் பலகையின் நடுவில் மாட்டுவதைப்போல மோசமான ஏற்பாடு வேறில்லை.

அட்டைப் பெட்டியிலிருந்து 15 அங்குல ஸ்பீக்கர் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. அமெரிக்காவின் கென்டக்கியில் இருக்கும் எமினன்ஸ் கம்பெனியின் ஆல்ஃபா 15ஏ. ஒரு பலகைக்கு இரண்டு, ஆக நான்கு. பெரியவர் ஒரு கோனின் மேல் ஐந்து விரலையும் பரப்பி வைத்து மெல்ல அழுத்திப் பார்க்கிறார். காயில் காந்தத்தில் உரசுகிறதா என்று காது கொடுக்கிறார். உரசவில்லை. கூடவே வந்த தாளை விரித்து, விலைவாசியை வாசிக்கிற குரலில் வாசிக்கிறார்: ஒத்ததிர்வு 41 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 1.26, சென்சிட்டிவிட்டி சுமார் 97 டெசிபல்.

97 டெசிபல் என்றால் ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் நின்று அளந்தால் அவ்வளவு சத்தம். கடையில் கிடைக்கும் சாதாரண வீட்டு ஸ்பீக்கர்கள் 85, 88 என்று நிற்கும். 10 டெசிபல் வித்தியாசம் என்பது பத்து மடங்கு மின்சாரம். இதைச் சதவீதமாக மாற்றிப் பார்த்தால் பெரியவருக்குச் சிரிப்பு வருகிறது. 88 டெசிபல் ஸ்பீக்கர் தனக்குள் வரும் மின்சாரத்தில் அரை சதவீதத்தைக்கூடச் சத்தமாக்குவதில்லை, மற்றதெல்லாம் காயிலில் சூடாகிப் போகிறது. 92 என்றால் 1 சதவீதம், 97 என்றால் 3 சதவீதம். ஒவ்வொரு சதவீதத்துக்கும் மோட்டாரோடு மல்லுக்கட்டிய மனுஷன்.

"மூணு பர்சன்ட்டு. இதுக்குப் பேரு ஹை எஃபிஷியன்சி. எங்க ஃபோர்மேன்கிட்டச் சொல்லியிருந்தா கேட்டுக்கு வெளிய அனுப்பியிருப்பாரு."

ஆசாரி சிரிக்கிறார். ரவுட்டரின் சத்தத்தில் அது மறைந்துபோகிறது.

இந்த மூன்று சதவீதத்தையும் கைவிட்டது எப்போது என்று கேட்டால் 1954ஐச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் ஏ.ஆர்.1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். காற்றுப் புகாத சிறிய பெட்டி, உள்ளே அடைபட்ட காற்றே கோனுக்கு ஸ்பிரிங். அதுவரை அலமாரி அளவுப் பெட்டி கேட்ட பேஸ், புத்தக அலமாரியில் வைக்கிற பெட்டியிலிருந்து வந்தது. 1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்து, வீட்டுக்கு இரண்டு ஸ்பீக்கர் என்றானதும் சிறிய பெட்டிக்கே வெற்றி. விலையாகக் கொடுத்தது சென்சிட்டிவிட்டி. கே.எல்.எச். கம்பெனியின் ஹாஃப்மன் பெயரில் வழங்கும் விதி ஒன்று உண்டு: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிட்டிவிட்டி, இந்த மூன்றில் இரண்டைத்தான் கேட்டு வாங்கலாம். டிரான்சிஸ்டர் வந்து வாட் மலிவானதும் உலகம் மூன்றாவதை விட்டுக்கொடுத்தது. பெரியவர் விட்டுக்கொடுப்பது முதலாவதை. அந்தக் கொட்டகையில் 120க்கு 60 பலகை படுத்திருப்பதன் அர்த்தம் அதுதான்.

சின்னப் பெட்டி வருவதற்கு முன்னால் பெரும்பாலும் திறந்த முதுகுதான். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் இன்றைய கோன் ஸ்பீக்கரை விவரித்துக் கட்டுரை வெளியிட்டது 1925இல். பலகையில்லாமல் அது ஒழுங்காகப் பாடாது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. ஜெர்மனியில் கிளாங்ஃபில்மின் யூரோடின் தியேட்டர் ஸ்பீக்கரை 2 மீட்டருக்கு 2 மீட்டர் பலகையில் மாட்டித் திரைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். நம் வீடுகளில் இருந்த வால்வு ரேடியோவை நினைத்துப் பாருங்கள். முன்னால் துணி, பின்னால் ஓட்டை ஓட்டையாக ஹார்ட்போர்டு, வால்வின் சூடு வெளியேற. அதுவும் ஓப்பன் பேஃபிள்தான், பெயர் வைக்காத ஓப்பன் பேஃபிள். அப்படிப்பட்ட ரேடியோ ஒன்று இந்தக் கொட்டகையின் பரணிலேயே இருக்கிறது. பெரியவர் அதை அண்ணாந்து பார்க்கக்கூட இல்லை. பழசின் மேல் அவருக்குப் பாசம் இருப்பதாகத் தெரியவில்லை. கணக்கு சரியாக வருகிறதா என்பதில்தான் கண்.

அந்தக் கணக்கு லேசில் வசப்படுவதில்லை. அதிக சென்சிட்டிவிட்டி வேண்டுமென்றால் காந்தம் பலமாக இருக்க வேண்டும். காந்தம் பலமானால் அது கோனைக் கீழ்ச்சுருதியில் இறுக்கிப் பிடிக்கும், பிடி கூடக் கூடக் குறையும் எண்ணான க்யூ.டி.எஸ். 0.3, 0.4 என்று இறங்கிவிடும், பேஸ் சீக்கிரமே சரியும். பலகையோ தன் பங்குக்கு பேஸைத் தின்கிறது. இரண்டு பக்கமும் நஷ்டம். எதிர்பார்ப்போடு விலையுயர்ந்த பெருங்காந்த ஸ்பீக்கரை வாங்கி வெறும் பலகையில் மாட்டியவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். க்யூ 1.26 உள்ள ஸ்பீக்கர், பெட்டிக்குள் வைத்தால் குடம் மாதிரி முழங்கும். ஆனால் அந்தக் குறையே பலகையில் நிறையாகிவிடும். 41 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது தானாகத் தூக்கிக் கொடுக்கும் 2 டெசிபல், பலகை தின்றதில் ஒரு பங்கை ஈடுகட்டுகிறது. மலிவான ஸ்பீக்கர் சரியான இடத்தில் விலையுயர்ந்ததை வெல்லும் சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

ஆனாலும் போதாது. 60 செ.மீ. பலகையில் ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 6 டெசிபல் இறங்கும். 50 ஹெர்ட்ஸுக்கு வரும்போது 12 டெசிபல் போயிருக்கும். அதை ஆம்ப்ளிஃபயரைக் கொண்டு தூக்குவதென்றால் பதினாறு மடங்கு வாட் வேண்டும். சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் அந்த வழியில் போனவர். ஹியூலெட் பேக்கர்ட் எஞ்சினியர், 2018இல் காலமானார். அவருடைய ஓப்பன் பேஃபிள் வடிவங்களில் எலெக்ட்ரானிக் திருத்தம் உண்டு, ஒவ்வொரு ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர் உண்டு. அற்புதமாகப் பாடும் என்று கேட்டவர்கள் சொல்வார்கள். பெரியவரிடம் இருப்பதோ 300பி வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயர். 1938இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கொண்டுவந்த வால்வு. ஒற்றையாக ஓட்டினால் 8 வாட், அவ்வளவுதான். பதினாறு மடங்குக்கு எங்கே போவது? கீழே ஏற்ற முடியாவிட்டால் மேலே இறக்க வேண்டும்.

அதற்காகத்தான் வைண்டிங் மெஷின்.

பாபினை மாட்டி, ஒயர் நுனியை டேப்பால் ஒட்டி, கைப்பிடியைச் சுற்ற ஆரம்பிக்கிறார். இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒயர் ஓடுகிறது. விரல்கள் இழுப்பதும் இல்லை, விடுவதும் இல்லை. சுற்றுக்குப் பக்கத்தில் சுற்று, இடைவெளியில்லாமல் செம்பு நிறத்தில் ஒரு பாய் விரிகிறது. ஒரு அடுக்கு முடிந்ததும் காகிதம். அடுத்த அடுக்கு. கவுண்ட்டரைப் பார்ப்பதே இல்லை. ஆனால் அவர் நிறுத்திய இடமும் கவுண்ட்டர் காட்டும் எண்ணும் தாளில் எழுதியதோடு ஒத்துப்போகின்றன. அரை மணி நேரம் கொட்டகையில் வேறு பேச்சில்லை. ஆசாரிகூட ரவுட்டரை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்.

ஊஃபருக்கு, அதாவது 15 அங்குல ஸ்பீக்கருக்கு, முன்னால் பெரிய காயில் ஒன்றைத் தொடராக வைத்தால், சுருதி ஏற ஏற அது சத்தத்தை அடக்கும். ஸ்தாயிக்கு 6 டெசிபல். பலகை கீழே போகப் போக இறக்குவதும் ஸ்தாயிக்கு 6 டெசிபல். ஒன்றின் சரிவு மற்றதன் சரிவுக்கு நேர் எதிர், இரண்டும் சேர்ந்தால் சமதளம். ஒற்றைச் செம்புச் சுருளில் தீர்ந்துபோகிற இந்தக் கணக்கைவிட அழகான ஒன்றை ஸ்பீக்கர் விஷயத்தில் நான் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு 15 அங்குலத்தை இணையாகப் போட்டுவிட்டு அவ்வளவு கீழேயிருந்து சரிவைத் தொடங்க 10 மில்லிஹென்றி அளவில் வேண்டும். காற்றுக் காயிலாகச் சுற்றினால் செம்பு கிலோக்கணக்கில் போகும். அதனால் டிரான்ஸ்ஃபார்மர் ஸ்டாம்பிங்கைச் செருகுகிறார், ஈ ஒரு பக்கம், ஐ ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் காகிதத் துண்டு.

"ஸ்டேட்டருக்கும் ரோட்டருக்கும் எடையில கேப்பைக் கொறைக்கறதுக்கே காலம் போச்சு. இங்க நானே கேப்பு வெக்கறேன் பாரு," என்கிறார் யாரிடமோ.

அந்த இடைவெளி இல்லாவிட்டால் பலத்த அடி விழும்போது இரும்பு காந்தத்தால் நிரம்பிப்போய் காயில் காயிலாக இருக்காது. எல்.சி.ஆர். மீட்டரை மாட்டுகிறார். அதிகம் காட்டுகிறது. ஒரு காகிதம் கூட்டுகிறார், குறைகிறது. இன்னும் கொஞ்சம் என்று தினத்தாளின் ஓரத்தைக் கிழித்துச் செருகுகிறார். சரி. வார்னிஷ் வாளிக்குள் இறக்குகிறார்.

"ஏனுங்க, காப்பி ஆறுதுங்க," என்று வீட்டுக்குள்ளிருந்து குரல். இது முதல் முறை கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

கணக்கின் கடைசி வரி என்ன? இரண்டு ஊஃபரையும் இணையாகப் போட்டதில் 97 என்பது 103 ஆகிறது. பலகை தின்றது 12. கையில் நிற்பது 91, க்யூவின் புண்ணியத்தில் 92, 93. மேலே இருக்கும் 8 அங்குலத்தையும் அந்த மட்டத்துக்கு இறக்கிப் பொருத்திவிடலாம். எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். ஒரு பலகைக்கு ஒரே ஊஃபர் போட்டிருந்தால் 86, 87இல் முடிந்திருக்கும், 8 வாட் திணறியிருக்கும். 'ஹை சென்சிட்டிவிட்டி' என்று அட்டையில் அச்சடித்த எண்ணை நம்பி ஓப்பன் பேஃபிளில் இறங்குகிறவர்கள் இந்த வரியை முதலில் எழுதிவிடுவது நல்லது.

ஓட்டைகள் வெட்டியாகிவிட்டன. பலகையைத் திருப்பிப் போட்டு, 8 அங்குல ஓட்டையின் பின்விளிம்பைச் சரிவாகச் செதுக்கச் சொல்கிறார் பெரியவர். 36 மி.மீ. கனத்தில் நேர்வெட்டாக விட்டால் பின்அலை ஒரு சின்னக் குழாய்க்குள் புகுந்து வருவதுபோல் ஆகிவிடும், மூக்கால் பாடும்.

"பின்னாடி யாருங்க பாக்கப் போறாங்க?"

"பின்னாடியும் பாட்டு வருதுல்ல தம்பி."

ஆசாரி இப்போது எதிர்த்துப் பேசவில்லை. சரிவை வெட்டிவிட்டு உப்புத்தாளும் போடுகிறார், சொல்லாமலே. பக்கங்களில் இறக்கைபோல இரண்டு பலகைகள், பின்பக்கம் மடங்கி நிற்க. சுற்றுவழியை நீளமாக்க ஒன்று, பலகை ஆடாமல் நிற்க ஒன்று. விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறார்கள். ஓரிடத்தில் 'டொங்' என்கிறது. அங்கே ஒரு குறுக்குச் சட்டம். பெட்டியை ஒழித்துவிட்டால் பெட்டியின் அதிர்வும் ஒழிந்தது என்பது பாதி உண்மைதான். பலகையும் அதிரும். கேட்க இன்பமாக இருக்கிறதென்று சிலர் மெல்லிய பலகையை அதிர விடுவதும் உண்டு. எனக்கு அது இசைக்கருவியின் வேலை என்று தோன்றும்.

வீட்டுக் கூடத்துக்கு வந்தபோதுதான் உண்மையான தகராறு. பலகையைப் பின்சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நிறுத்த வேண்டும். சுவரில் பட்டுத் திரும்பும் பின்அலை அப்போதுதான் 6 மில்லிசெகண்ட் தாமதித்து வரும், காது அதைத் தனியாகப் பிரித்து அறையின் ஆழமாக எடுத்துக்கொள்ளும். சுவரை ஒட்டி வைத்தால் எல்லாம் குழம்பிக் கூழாகும். ஒரு மீட்டர் தள்ளினால் சோபா டி.வி.க்கு முன்னால் வருகிறது. வீட்டம்மா வாசற்படியில் நின்று பார்க்கிறார்.

"இது ரெண்டும் இங்கயேதான் இருக்குமுங்களா?"

பெரியவர் பதில் சொல்லாமல் ஒயரை முறுக்கிக்கொண்டிருக்கிறார். பேத்தி மடிக்கணினியோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள், காலேஜ் பெண். மைக் ஸ்டாண்டை நட்டுவைத்து, "அப்பச்சி, ரெடி. யாரும் பேசாதீங்க," என்கிறாள். அடியிலிருந்து உச்சிவரை ஒரு ஊளை கூடத்தைத் தடவிக்கொண்டு போகிறது. திரையில் கோடு. அவள் விரலால் காட்டுகிற இடத்தில் ஒரு மேடு. அவர் சோபாவை அரையடி பின்னால் தள்ளுகிறார், மறுபடி ஊளை, மேடு குறைகிறது. காயிலைத் தொடவில்லை. அறையின் குற்றத்தைக் காயிலின் தலையில் கட்டாதது பெரிய நிதானம்.

கடைசியில் காருகுறிச்சி அருணாசலத்தின் இசைத்தட்டு. வால்வுகள் சிவந்ததும் ஊசி இறங்குகிறது. நாகஸ்வரம் பலகையிலிருந்து வரவில்லை, இரண்டு பலகைகளுக்கும் பின்னால் ஒரு ஆள் நின்று ஊதுகிற தூரத்திலிருந்து வருகிறது. தவிலில் வலந்தலையின் விரற்கூடு அடி சுள்ளென்று விழுகிறது. தொப்பியில் கழி பட்ட அடி பட்டவுடன் நிற்கிறது. பெட்டி ஸ்பீக்கர்களில் அதற்குப் பின்னால் ஒரு 'உம்' ஒட்டிக்கொண்டு வருமே, அது இல்லை. சத்தம் கூட்டின இடத்தில்கூட நாதம் நசுங்கவில்லை. சென்சிட்டிவிட்டியின் பலன் இதுதான். ஆம்ப்ளிஃபயருக்கு வேர்க்கவே இல்லை, சாதாரணமாகக் கேட்கிற அளவுக்கு ஒரு வாட்கூடச் செலவாகாது.

நான் எழுந்து மெதுவாகச் சுவரோரம் போய்ப் பலகைக்குப் பக்கவாட்டில் நிற்கிறேன். பேஸ் காணாமல் போகிறது. முன்அலையும் பின்அலையும் அங்கே சமமாகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பக்கச் சுவர்களை இந்த ஸ்பீக்கர் அதிகம் தொந்தரவு செய்யாததற்கும், கூடத்துக்குள் மொத்தமாக இறங்கும் சத்தம் பெட்டி ஸ்பீக்கரின் மூன்றில் ஒரு பங்காகவே இருப்பதற்கும் காரணம் இதுதான். அடுத்த அறையில் தூங்குகிறவர்களுக்கு நல்ல செய்தி.

தட்டு முடிந்ததும் ஆசாரி தன் போனிலிருந்து ஒரு குத்துப்பாட்டைப் போடச் சொல்கிறார். போடுகிறார்கள். தாளம் துல்லியமாக இருக்கிறது, ஆனால் நெஞ்சில் இடிக்கவில்லை. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே அங்கே சரக்கு இல்லை. ஆசாரியின் முகத்தில் அது தெரிகிறது. பெரியவரும் பார்த்துவிட்டார். "அதுக்கு இது ஆகாது தம்பி," என்று ஒரே வார்த்தையில் ஒத்துக்கொள்கிறார்.

அவர் சொன்னது சரி. கூடம் அதிர வேண்டும் என்பவர்களுக்கும், 10க்கு 10 அறையில் கட்டிலோடு குடியிருப்பவர்களுக்கும் ஓப்பன் பேஃபிள் ஆகாது. குரலும் நாகஸ்வரமும் வயலினும் தவிலும் முக்கியம், கையில் சிறிய வால்வு ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது, செலவும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பவர்கள் துணிந்து இறங்கலாம். ஆசை வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்பீக்கரை வாங்குமுன் டேப்பை எடுத்துக்கொண்டு கூடத்தை அளந்து பாருங்கள். பின்சுவரிலிருந்து ஒரு மீட்டரை விட்டுக்கொடுக்க இடமும், வீட்டாரின் சம்மதமும் இல்லையென்றால் பலகையை அறுக்காதீர்கள். நல்ல பெட்டி ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்.